இலவசம் வேறு, இடம் வேறு

பெருநகரம் ஒன்றின் கடைத்தெருவில், சாலையோரமாக ஒரு மோட்டார் வண்டியை நிறுத்தி வைப்பதற்கு வேண்டிய நிலம் ஏறத்தாழ 20 அடி நீளமும் 8 அடி அகலமுமே ஆகும்; ஆயினும் அந்தச் சிறு துண்டு நிலத்தின்மீது, கடை வைத்திருப்பவரும், கடைக்குச் சாமான் வாங்க வருபவரும், சரக்கு இறக்க வந்த லாரிக்காரரும், எதிர்ப்புறத்து மருத்துவரைக் காணப் போகிறவரும், அந்தத் தெருவிலேயே குடியிருப்பவரும் ஒரே வேளையில் உரிமை கொண்டாடுகிறார்கள். இவர்களுள் பெரும்பாலோருக்கு அந்த இடம் கிடைக்காமற் போவதனால் நேரும் நஷ்டம் ஐந்து நிமிஷ நடைதான். சக்கர நாற்காலியில் வாழ்கிறவருக்கும், ஊன்றுகோலின் துணையோடு நூறு அடி நடப்பதற்குள் மூச்சு வாங்குகிறவருக்குமோ, வாசலுக்கு அருகில் இறங்க இடம் இல்லையென்றால், வந்த காரியம் நிறைவேறாமல் வீடு திரும்ப வேண்டியதுதான். ஆகவே, கட்டணம் செலுத்தி நிறுத்தும் சாலையோர இடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு முதன்மை தரவேண்டும் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயம் இல்லை. அந்த முதன்மையை எந்த உருவத்தில் தருவது என்பதில்தான், உலகத்தின் மிகச் செல்வம் படைத்த நகரங்கள் சிலவும் நெடுங்காலமாக வழி தவறி நடந்திருக்கின்றன என்று நான் கருதுகிறேன். அவை மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணத்தை விட்டுக்கொடுத்தன; இடத்தை ஒதுக்குவதில் கைச்சுருக்கம் காட்டின. அதன் பயனாக, அந்தச் சலுகை யாரை உத்தேசித்து அளிக்கப்பட்டதோ அவர்களுக்கே நிறுத்த இடம் இல்லாமற் போயிற்று.

பார்க்கிங் மீட்டர் என்னும் யந்திரம் பிறந்த வரலாற்றைச் சற்று நினைவு கூர்வது பயனுள்ளது. ஏனெனில் அதன் ஆதி நோக்கம் இன்று பலருக்கு மறந்துபோயிருக்கிறது. அமெரிக்காவில் ஓக்லஹோமா நகரத்தின் கடைத்தெருக்களில், 1930-களின் தொடக்கத்தில், கடைகளிலும் அலுவலகங்களிலும் உத்தியோகம் பார்ப்பவர்கள் காலையில் வந்து வாசலில் நிறுத்திய வண்டிகளை மாலையில்தான் எடுத்தார்கள். சாமான் வாங்க வந்தவர்களோ நிறுத்த இடம் காணாமல் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்து அலுத்துப்போனார்கள். அந்நகரத்து வர்த்தக சபையின் போக்குவரத்துக் குழுவுக்குத் தலைவராக இருந்த கார்ல் மகீ என்னும் பத்திரிகையாசிரியர், காசு போட்டால் குறித்த நேரத்துக்கு மட்டும் இடம் தரும் கடிகார யந்திரம் ஒன்றை நிறுவலாம் என்று யோசனை கூறினார். 1935-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 16-ஆம் தேதி முதல் மீட்டர் அங்கே நாட்டப்பட்டது. கட்டணம் மணிக்கு 5 சென்ட். ஒருவரே நாள் முழுவதும் இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல், காரியம் முடிந்ததும் விலகி அடுத்தவருக்கு வழி விடவேண்டும் என்பதே அந்த 5 சென்ட்டின் தாத்பரியம். வருமானம் பின்னால் வந்து சேர்ந்த பலன்.

அக்காலத்து மீட்டர்களில், நாணயத்தைச் சிறு துவாரத்தில் நுழைத்து, கைப்பிடியை அழுத்தித் திருக வேண்டியிருந்தது. விரல்களில் வலு இல்லாதவர்களால் அதைத் திருக முடியவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்தவர்களுக்குத் துவாரம் எட்டவில்லை. நடைபாதையின் விளிம்பு உயரமாக இருந்தமையால் பலருக்கு மீட்டரின் அருகே போவதே அசாத்தியமாக இருந்தது. செய்ய முடியாத காரியத்தைச் செய்யவில்லை என்று ஒருவருக்கு அபராதம் விதிப்பது அநியாயம் ஆகையால், அத்தகையோருக்குக் கட்டண விலக்கு அளித்தது முற்றிலும் நியாயமே. ஆனால் காலப்போக்கில் மீட்டர்கள் மாறின. நாணயத்துக்குப் பதிலாகக் கடன் அட்டையும், பிறகு கைபேசியும் வந்தன. விலக்கோ சுருங்காமல் விரிந்துகொண்டே போயிற்று. கலிபோர்னியா மாகாணத்தின் வாகனச் சட்டப்படி, மருத்துவரின் சான்றிதழ் பெற்று, கண்ணாடியருகே தொங்கவிடும் அனுமதி அட்டை வைத்திருக்கும் எவரும், நீல வர்ணம் பூசிய தனி இடங்களில் நிறுத்தலாம் என்பதோடு, எந்த மீட்டர் இடத்திலும் கட்டணமின்றி, காலவரம்பும் இன்றி நிறுத்தலாம். இதய நோயாளிக்கும், மூட்டு வலியுடையவருக்கும், இரு கால்களும் செயலிழந்தவருக்கும், சில மாதங்களில் குணமாகிவிடும் எலும்பு முறிவுக்காரருக்கும் ஒரே உரிமை.

இந்த விதியின் விளைவை சான் பிரான்சிஸ்கோ நகரத்தைப் போல் தெளிவாகக் காட்டுவது வேறொன்றில்லை. உடற்குறை உடையவர்களின் உரிமைப் போராட்டத்தில் அந்நகரத்துக்கும், வளைகுடாவின் மறுகரையிலுள்ள பெர்க்லிக்கும் ஈடான ஊர்கள் உலகத்தில் மிகச் சிலவே. 1972-ல் பெர்க்லியில் தோன்றிய சுயசார்பு வாழ்க்கை மையமும், 1977-ஆம் ஆண்டு ஏப்ரலில், ஜூடி ஹ்யூமன் முதலியோரின் தலைமையில், சக்கர நாற்காலிகளில் வந்தவர்களும் கண்பார்வை அற்றவர்களும் செவிகேளாதவர்களும் சான் பிரான்சிஸ்கோவின் மத்திய அரசாங்கக் கட்டடத்துக்குள் புகுந்து மூன்று வாரங்களுக்கு மேல் அங்கேயே தங்கிப் போராடிய சரித்திரமும், 1990-ல் அமெரிக்கா இயற்றிய மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு அடிகோலின. அத்தகைய நகரத்தில், 2010-களின் தொடக்கத்தில் இருந்த நிலைமை இது: சாலையோர மீட்டர் இடங்கள் 30 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு, அந்நகரத்தாருக்கு வழங்கப்பட்டிருந்த அனுமதி அட்டைகளோ 60 ஆயிரத்துக்கு மேல், மாற்றுத்திறனாளிகளுக்கென்றே நீல வர்ணம் பூசி ஒதுக்கிய சாலையோர இடங்கள் சுமார் 700. குன்றுகளின்மீது எழுந்த நகரம் ஆகையால், சமதளமான சாலையோரமே அங்கே அருமை. செங்குத்தான சரிவில் வண்டியிலிருந்து நாற்காலியை இறக்க முடியாது என்பதால், தகுந்த இடங்களின் தொகை இன்னும் குறைவு.

அதே நகரம் 2011-ல், மத்திய அரசாங்கத்தின் பொருளுதவியோடு, எஸ்எஃப்பார்க் என்னும் புதுமையான முறையைப் பரீட்சித்தது. சுமார் 7,000 மீட்டர் இடங்களில், எத்தனை வண்டிகள் நிற்கின்றன என்பதை உணர்கருவிகளின் மூலம் அறிந்து, நெரிசல் மிகுந்த தெருவில் கட்டணத்தை உயர்த்தியும், வெறிச்சோடிக் கிடக்கும் தெருவில் தாழ்த்தியும், நூற்றுக்கு 60 முதல் 80 இடங்களே நிரம்பியிருக்கும்படி செய்து, எந்தத் தெருவுக்கு எவர் வந்தாலும் ஓரிடமாவது காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது அதன் உத்தேசம். சராசரிக் கட்டணம் அந்தப் பரீட்சையின்போது உயராமல் சற்றுக் குறையவே செய்தது என்பது பலரும் எதிர்பாராத பலன். ஆனால் கட்டணமே செலுத்த வேண்டாதவரைக் கட்டணம் எவ்வாறு நகர்த்தும்? மணிக்கு 2 டாலர் ஆனாலும் 6 டாலர் ஆனாலும், அட்டை தொங்கும் வண்டிக்கு எல்லாம் ஒன்றே. அது மட்டுமன்று, கட்டணம் உயர உயர, அந்த அட்டையின் சந்தை மதிப்பும் உயர்ந்தது. நாளொன்றுக்கு 20 டாலரோ 30 டாலரோ மிச்சமாகும் ஒரு காகிதத்தை, மனச்சாட்சி சற்றுத் தளர்ந்தவர்கள் எவ்வழியிலாவது சம்பாதிக்க முயல்வதில் வியப்பில்லை.

இவ்விஷயத்தைப் பல்லாண்டு ஆராய்ந்தவர் டொனால்டு ஷூப். இலவசப் பார்க்கிங்குக்குச் சமுதாயம் கொடுக்கும் உயர்ந்த விலையைப் பற்றி 2005-ல் பெருநூல் எழுதி, 2025-ல் காலமான பேராசிரியர் அவர். அவர் பணியாற்றிய, லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலேயே, 1999-ஆம் ஆண்டில், அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர்கள் பத்துக்கும் மேற்பட்டோர் மாற்றுத்திறனாளி அட்டையை முறையின்றிப் பெற்றுப் பயன்படுத்தினார்கள் என்று வழக்குத் தொடரப்பட்டது. திடகாத்திர இளைஞர்கள் அவர்கள் என்பதால் அது நாடெங்கும் பேச்சாயிற்று. 2017-ல் கலிபோர்னியா மாகாணத் தணிக்கையாளர் வெளியிட்ட அறிக்கை இன்னும் கவலைக்குரியது. அந்த மாகாணத்தில் நூறு வயதைக் கடந்தவர்கள் 8,000 பேர் அளவிலேயே இருக்கக்கூடும் என்றிருக்க, நூறு வயதைக் கடந்தவர்களின் பேரில் 26,000 அட்டைகள் நடப்பில் இருந்தன. இறந்தவர்கள் பட்டியலில் காணப்பட்டோரின் பேரிலும் சுமார் 35,000 அட்டைகள் உயிரோடு இருந்தன. தந்தை மறைந்த பின்னும் தனயன் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு காரியாலயம் போகலாம் என்பதே இதன் பொருள். அதன் பிறகே ஆறாண்டுக்கு ஒருமுறை அட்டையைப் புதுப்பிக்க வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது.

ஆனாலும், வஞ்சகர்களைப் பற்றி மட்டும் பேசி இந்த விவாதத்தை முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அட்டை வைத்திருப்பவரை எல்லாம் சந்தேகக் கண்கொண்டு நோக்கும் பழக்கம், உண்மையில் நோயுற்றவர்களைத்தான் முதலில் புண்படுத்துகிறது. நுரையீரலோ இதயமோ பழுதுற்றவர், நரம்புத் தளர்ச்சி நோயால் ஒரு நாள் நடப்பவராகவும் மறுநாள் படுக்கையிலிருப்பவராகவும் வாழ்கிறவர் ஆகியோர் வண்டியை விட்டு இறங்கி நடப்பதைக் கண்டு, வழிப்போக்கர்கள் நின்று வசை பாடுவது மேல்நாடுகளில் அன்றாட அனுபவமாக இருக்கிறது. பிரிட்டனில், 1970-ஆம் ஆண்டில் ஆல்ஃப் மோரிஸ் கொண்டுவந்த சட்டத்தின் வழித்தோன்றலான, மாற்றுத்திறனாளிகளுக்குரிய நீல அட்டையை, 2019 ஆகஸ்டு முதல், இங்கிலாந்தில், கண்ணுக்குப் புலப்படாத குறைபாடு உடையவர்களுக்கும் விரிவாக்கியது மனிதத்தன்மை மிகுந்த செயல் என்றே சொல்வேன். அங்கே, மற்றவர்கள் நிறுத்தக்கூடாத மஞ்சள் கோட்டின்மேல் நிறுத்தும் அட்டைக்காரர், வந்து சேர்ந்த நேரத்தைக் காட்டும் காகிதக் கடிகாரம் ஒன்றை வைத்துவிட்டு மூன்று மணி நேரம் நிற்கலாம். உரிமையும் உண்டு, அதற்கு எல்லையும் உண்டு.

சான் பிரான்சிஸ்கோவில் உண்மையில் துயருற்றவர் யார் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். பக்கவாட்டுக் கதவிலிருந்து சாய்தளம் இறங்கும் வேன் ஒன்றில், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே பிரயாணம் செய்பவர் அவர். அவருக்கு எந்த இடமும் இடமாகாது. சாய்தளம் இறங்கவும், அதன் முனையில் நாற்காலி திரும்பவும், நடைபாதையின்மேல் தடையின்றி ஏறவும் வசதி வேண்டும், மரமோ கம்பமோ குப்பைத் தொட்டியோ எதிரே நிற்கக்கூடாது, தரை சரியக்கூடாது. அமெரிக்க அணுகல் வாரியம் 2023-ல் வெளியிட்ட விதிமுறைகள், நடைபாதையை ஒட்டி இணையாக நிற்கும் இத்தகைய இடத்துக்கு 24 அடி நீளமும் 13 அடி அகலமும் வேண்டும் என்றும், ஒரு தெருவட்டாரத்தில் 25 இடங்கள் வரை இருந்தால் அவற்றுள் ஒன்றும், 50 வரை இருந்தால் இரண்டும் இப்படி அமைய வேண்டும் என்றும் கூறுகின்றன. அந்த அளவுகளின் அவசியத்தை, வேறு எந்த இடத்தையும் நாட வழியற்ற அந்த வேன்காரரே நன்கு அறிவார். கடைத்தெருவில் உள்ள ஒரே நீல இடத்தில், காலை எட்டு மணிக்கு, அட்டையும் நடக்கும் கால்களும் உடைய ஒருவர் வந்து நிறுத்திவிட்டு, கட்டணமும் காலவரம்பும் இல்லாத காரணத்தால் மாலை ஆறு மணி வரை எடுக்காமல் இருந்தால், அவர் சட்டப்படி ஒரு குற்றமும் செய்யவில்லை. ஆனால் அந்த வேன் திரும்பிப் போகிறது. 1935-ல் ஓக்லஹோமா வர்த்தகர்கள் எந்தக் கஷ்டத்தை நீக்க மீட்டரைக் கொண்டுவந்தார்களோ, அதே கஷ்டம் நம்மில் மிகவும் பலம் குறைந்தவரின் தலையில் வந்து விடிந்திருக்கிறது. கோடை வெயிலில் தண்ணீர்ப் பந்தலைப் போட்டு, காசு வேண்டாம் என்று எழுதிவைத்துவிட்டு, பானையை நிரப்பாமல் விட்டதற்கு நிகரான தர்மம் இது.

வேறு வழி கண்ட ஊர்கள் உண்டு. வர்ஜீனியாவிலுள்ள ஆர்லிங்டன் பகுதியில், யாவரும் நிறுத்தலாம், யாவரும் செலுத்த வேண்டும் என்னும் கொள்கை ஏற்கப்பட்டது. அதனோடு மாற்றுத்திறனாளிகளுக்குரிய இடங்களும் வசதியான மூலைகளில் ஒதுக்கப்பட்டன. பால்டிமோர் நகரத்தில் வண்டிக் கண்ணாடியை உடைத்து அட்டையைத் திருடிப் போகும் அளவுக்கு அதன் மதிப்பு ஏறியிருந்தது. அந்நகரம் 2014-ல் தொடங்கிய திட்டத்தில், மீட்டர் இடங்களில் பத்தில் ஒரு பங்கை மாற்றுத்திறனாளிகளுக்கே ஒதுக்கி, மீட்டர் யந்திரங்களையும் நாற்காலியில் இருந்தபடியே எட்டும் உயரத்தில் அமைத்து, அதன் பிறகே கட்டணத்தை யாவருக்கும் பொதுவாக்கியது. ஓரிகன் மாகாணத்தின் போர்ட்லந்து நகரம் அதே 2014-ஆம் ஆண்டு ஜூலையில் இலவசத்தை நிறுத்தி, அட்டைக்காரர்களுக்குச் சற்று நீண்ட நேரம் நிற்கும் உரிமையையும் தனி இடங்களையும் அளித்தது. சக்கர நாற்காலிக்காரர்களுக்குரிய தனி அட்டைக்கு மட்டும் விலக்கு நீடித்தது. சில மாதங்களுக்குள், நகர மையத்து மீட்டர்களில் அட்டை தொங்கும் வண்டிகளின் தொகை நூற்றுக்கு 70 அளவு குறைந்துவிட்டது. அந்த எழுபதில் உண்மையான நோயாளிகள் எத்தனை பேர், அவர்கள் அதன்பின் எங்கே நிறுத்தினார்கள் என்பவை கேட்டே தீரவேண்டிய கேள்விகள்தாம். ஆனால் அவ்வாறு காலியான இடங்கள், தேடி வந்த மாற்றுத்திறனாளிகள் உட்பட யாவருக்கும் திறந்தன என்பதில் ஐயம் இல்லை.

இவற்றுள் என் மனத்துக்கு மிகவும் உகந்தது மிச்சிகன் மாகாணம் 1990-களின் நடுவில் வகுத்த முறை. அட்டை பெறும் தகுதி ஒன்று, கட்டண விலக்குப் பெறும் தகுதி வேறொன்று என்று அது பிரித்தது. நாணயத்தைக் கையாள முடியாதவர், தரையிலிருந்து 42 அங்குலத்துக்கு மேல் கை நீட்ட முடியாதவர், நாற்காலி முதலிய சாதனங்களின் காரணமாக மீட்டரை அணுக முடியாதவர், 20 அடிகூட நடக்க முடியாதவர் ஆகியோருக்கு மட்டும் இலவசம். மற்ற அட்டைக்காரர்களுக்கு ஒதுக்கிய இடத்தில் நிறுத்தும் உரிமை உண்டு, ஆனால் கட்டணமும் உண்டு. பழைய விலக்கைப் பெற்றிருந்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவே புதிய விலக்குக்குத் தகுதி பெற்று முன்வந்தார்கள் என்று ஷூப் எடுத்துக் காட்டுகிறார். இலினாய் மாகாணமும் 2014 முதல் இவ்வழியே சென்றது. அதற்கு அங்கே வேறொரு நெருக்கடியும் காரணம். சிக்காகோ நகரம் 2008-ல் தன் மீட்டர்கள் சுமார் 36,000-த்தையும் 75 ஆண்டுகளுக்கு ஒரு தனியார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டபோது, கட்டணமின்றி நிறுத்தும் அட்டைக்காரர்களால் கம்பெனிக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு ஈடு கட்டவும் ஒப்புக்கொண்டிருந்தது. பொதுஜனங்களின் தெருவையும், பலவீனர்களுக்குக் கொடுத்த சலுகையையும் இப்படி வியாபார உடன்படிக்கைக்குள் கட்டிவைப்பது எந்த நகரசபைக்கும் தகாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இனி, இந்தக் கருத்துக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களுள் மிகவும் கனமானதைச் சந்தித்தாக வேண்டும். மாற்றுத்திறனாளிகள் எந்த நாட்டிலும் மற்றவரைவிட ஏழைகள். அவர்களுக்கு வேலை கிடைப்பது அரிது, செலவோ அதிகம். அவர்கள் கையிலிருக்கும் சிறு சலுகையையும் பறிப்பது கொடுமை என்பது அந்த வாதம். அதன் முதற்பாதி முழு உண்மை. ஆனால் மீட்டர் விலக்கு அந்த ஏழைமைக்குப் பரிகாரம் ஆகிறதா என்று பார்த்தால், அது ஏழையைத் தேடிப் போவதில்லை. மோட்டார் வண்டி வைத்திருப்பவரையே தேடிப் போகிறது. மாற்றுத்திறனாளிகளுள் மிகவும் வறியவரிடம் வண்டியே கிடையாது. சாய்தளம் உள்ள பேருந்தும், உடையாத நடைபாதையும், மின்தூக்கி இயங்கும் ரயில் நிலையமுமே அவருக்கு வேண்டியவை. அவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். அந்தப் பணத்தின் ஒரு பகுதி அதே மீட்டரிலிருந்து வரலாம். எனினும், பேருந்தில் ஏற உடல் இடங்கொடாத காரணத்தினாலேயே, வேறு செலவுகளைச் சுருக்கி, கடன்பட்டு ஒரு பழைய வண்டி வைத்திருப்பவரும் உண்டு. அவரை நான் மறக்கவில்லை. அவருக்கு வருமானத்தை அடிப்படையாக வைத்து, வண்டியின் பதிவெண்ணோடு இணைந்த கணக்கில் மாதந்தோறும் குறித்த தொகையை அரசாங்கமே வரவு வைப்பது நியாயமான உதவி. செல்வந்தரான அட்டைக்காரருக்கும் அவருக்கும் ஒரே விலக்கு என்பது உதவி ஆகாது.

இதனினும் நுட்பமான வாதம் ஒன்று உண்டு. அது காலத்தைப் பற்றியது. ஆரோக்கியமுள்ளவர் இருபது நிமிஷத்தில் முடிக்கும் காரியத்துக்கு, நாற்காலியை இறக்கி, ஏறி, சாய்தளத்தைத் தேடிச் சுற்றி வந்து, மறுபடியும் நாற்காலியை ஏற்றி முடிப்பதற்குள் மாற்றுத்திறனாளிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகலாம். நிமிஷத்துக்கு இவ்வளவு என்று விலை வைத்தால், ஒரே காரியத்துக்கு அவர் நாலரை மடங்கு கொடுக்கிறார். இந்த வாதத்தை நான் முற்றிலும் ஏற்கிறேன். ஆகையால், கட்டணம் பொதுவாக்கப்படும் இடங்களில், அட்டைக்காரர் செலுத்தும் தொகைக்கு இரு மடங்கோ அதற்கு மேலோ நேரம் தருவது சலுகையாகாது, நேர்மையான கணக்கே ஆகும். இரண்டு மணி நேர வரம்புள்ள தெருவில் அவருக்கு நாலு மணி நேரம் வரை அனுமதி கொடுப்பதும் அப்படியே. நாள் முழுவதும் என்று வரம்பையே எடுத்துவிடுவதுதான், அடுத்து வரும் மாற்றுத்திறனாளியின் இடத்தையும் விழுங்கிவிடுகிறது.

சான் பிரான்சிஸ்கோவில், மாற்றுத்திறனாளிகளின் பிரதிநிதிகளும் அமர்ந்திருந்த ஆலோசனைக் குழு ஒன்று, 2013-ஆம் ஆண்டில் ஏறக்குறைய இந்த முடிவுகளுக்கே வந்தது. நீல இடங்களைப் பெருமளவு அதிகரிப்பது, அட்டை வழங்குவதைச் சீர்படுத்துவது, கட்டண விலக்கை நீக்குவது, காலவரம்பு ஒன்றை விதிப்பது, வரும் பணத்தை மாற்றுத்திறனாளிகளின் வசதிக்கே செலவிடுவது என அவை ஒன்றோடொன்று பிணைந்த யோசனைகள். விலக்கை நீக்கும் அதிகாரம் நகரத்திடம் இல்லை, மாகாணச் சட்டம் மாறவேண்டும், அது மாறவில்லை. சட்டமன்றங்கள் தயங்கியதை நான் வெறும் கோழைத்தனம் என்று தள்ளிவிட மாட்டேன். கட்டணம் வசூலிப்பது மறுநாளே நடக்கும், இடம் அமைப்பது மட்டும் அடுத்த நிதியாண்டுக்கும் அதற்கடுத்த நிதியாண்டுக்கும் தள்ளிப்போகும் என்று மாற்றுத்திறனாளிகள் அஞ்சுவதற்கு அனுபவம் சாட்சியாக நிற்கிறது. ஆகவே, வரிசை மாறக்கூடாது. இடங்களை அளந்து, சமன்செய்து, வர்ணம் பூசி, நடைபாதை விளிம்பைச் சரித்து, மீட்டரைத் தாழ்த்தி, இவையனைத்தும் முடிந்த தெருவில் மட்டுமே விலக்கை நீக்கலாம். முடியாத தெருவில் பழைய விலக்கு நீடிக்கவேண்டும். பால்டிமோரின் சிறப்பு இந்த வரிசையில்தான் இருக்கிறது.

இது அயல்நாட்டுச் செய்தி மட்டும் அன்று. சாலையோரம் நிறுத்தும் வண்டிக்குக் கட்டணம் வசூலிக்கும் முறையைச் சென்னை மாநகராட்சி, தியாகராயநகர் பாண்டி பஜார் முதலிய இடங்களில் ஏற்கெனவே கொண்டுவந்திருக்கிறது; நெரிசல் மிகுந்த மற்ற தெருக்களிலும் அது பரவுவது காலத்தின் கட்டாயம். நம்மிடம் பழுதான பழைய விலக்குச் சட்டம் எதுவும் வேரூன்றி நிற்கவில்லை ஆகையால், முதலிலிருந்தே நேரான கோடு போடும் வாய்ப்பு நமக்கு உண்டு. அந்தக் கோட்டை அமெரிக்க அளவுகளைப் பார்த்து அப்படியே போடுவதில் பயனில்லை. நம் ஊரில் தாமே வண்டி ஓட்டி வரும் மாற்றுத்திறனாளிகளுள் பலர் வருவது, பின்புறம் இருபக்கமும் சக்கரங்கள் இணைத்த ஸ்கூட்டரில். தமிழ்நாடு அரசே அத்தகைய பெட்ரோல் ஸ்கூட்டர்களைத் தகுதியுடையோருக்கு வழங்கி வருகிறது. இருசக்கர வண்டிகளுக்கென்று நெருக்கமாக வரைந்த கோடுகளுக்குள் அது அடங்காது. இடம் போதவில்லை என்று காவலாள் மற்ற வண்டிகளை நகர்த்துவது போல் அதைத் தூக்கி நகர்த்தவும் இயலாது. இருபுறமும் வண்டிகளை நெருக்கி வைத்துவிட்டால், ஊன்றுகோலோடு திரும்பி வருபவர் ஏறுவதற்கே வழி இராது. கார்களின் வரிசையில் நிறுத்தினாலோ, கார் கட்டணம் கேட்கப்படும்.

நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. அதன்கீழ் அணுகல் வசதி பற்றிய விதிகள் வெறும் பரிந்துரைகளாக நிற்பது போதாது, கட்டாயமான தரங்களை வகுக்கவேண்டும் என்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8-ஆம் தேதி தீர்ப்பளித்தது. மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் அலையருகே செல்வதற்கு 2022-ல் மரப்பாதை ஒன்று அமைத்தபோது, அதைக் கண்டு மகிழ்ந்தவர்களுள் நானும் ஒருவன். அந்தப் பாதையின் தலைப்பில், ஸ்கூட்டரிலோ காரிலோ ஆட்டோவிலோ வருகிறவர் இறங்குவதற்குரிய சமதளமான இடம், விடுமுறை நாள் மாலையிலும் வேறு வண்டி ஏறாதபடி காக்கப்பட்டால்தான் அந்த மரப்பாதை முழுப்பயன் தரும். அடுத்த முறை எந்தத் தெருவிலேனும் பார்க்கிங் கட்டணத்துக்கு டெண்டர் கோரும்போது, குத்தகைதாரரிடம் தெருவை ஒப்படைப்பதற்கு முன்னரே, இணைப்புச் சக்கர ஸ்கூட்டருக்கு இத்தனை இடம், சக்கர நாற்காலி இறங்கும் காருக்கு இத்தனை இடம், ஒவ்வொன்றின் அளவு இன்னது, நடைபாதையில் ஏறும் சரிவு இன்ன இடத்தில், அந்த இடத்தில் வேறு வண்டியை ஏற்றினால் குத்தகைதாரர் செலுத்தவேண்டிய அபராதம் இவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, கோட்டைத் தரையில் வரைந்து, அந்தக் கோட்டுக்குள் மாற்றுத்திறனாளிகளையே அழைத்துவந்து அவர்கள் வண்டியை நிறுத்தி இறங்கி ஏறிப் பார்க்கச் சொல்லி, அவர்கள் சரி என்ற பிறகு மாநகராட்சி கட்டண விகிதத்தை அறிவிக்கட்டும்.